எட்டயபுரத்து வழக்கும் தகப்பன் பெயரும்

கொஞ்சம் நீளமான பதிவு. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் நிதானமாக உட்கார்ந்து படியுங்கள்.

எட்டயபுரம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பாரதி பிறந்த வீடு. முத்துசுவாமி தீட்சிதர் சமாதி. உமறுப்புலவர். நான் பாளையக்காரர் பாடம் எடுக்கிற அன்றைக்குப் பின்பெஞ்சில் இருந்து கட்டாயம் ஒரு குரல் கிளம்பும், அது எதைப் பற்றி என்று உங்களுக்கே தெரியும். ஆனால் சட்டம் படித்தவர்களுக்கு எட்டயபுரம் வேறொரு காரணத்துக்காகத் தெரிந்த ஊர். கோவில்பட்டியில் பஸ் ஏறினால் அரை மணியில் போய் இறங்குகிற அந்த ஊரின் வழக்கு ஒன்று, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1868-இல் முடிந்தது. முத்துசாமி ஜகவீர எட்டப்ப நாயக்கர் எதிர் வெங்கடேஸ்வர எட்டய்யா என்பது அதன் பெயர். கல்யாணம் ஆகாத தாய்க்குப் பிறந்த மகனுக்குத் தகப்பன் சொத்தில் இருந்து ஜீவனாம்சம் உண்டா என்பதுதான் கேள்வி.

ஜமீன் என்பது பங்கு பிரிக்க முடியாத சொத்து. மூத்த வாரிசு ஒருவருக்கே பட்டம், அவருக்கே நிலம், அவருக்கே அரண்மனை. மற்ற பிள்ளைகளுக்குச் சோறும் துணியும்தான் உரிமை. பட்டத்து ராணிக்குப் பிறந்த இளைய பிள்ளைக்கே அதுதான் நிலைமை என்றால், தாலி கட்டாதவளுக்குப் பிறந்த பிள்ளையின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அந்தப் பிள்ளைக்கும் ஜீவனாம்சம் உண்டு என்று முதலில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. பிரிவி கவுன்சிலும் அதையே உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. மகன் தகப்பன் வீட்டுக்குள்ளேயே பிறந்திருக்க வேண்டும் என்று அவசியம் இல்லை, தாய்க்கு அந்த வீட்டில் தனி அந்தஸ்து இருந்திருக்க வேண்டும் என்றும் அவசியம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இவனுக்கு அவன் மகன் என்பது நிலைத்தால் போதும், சோறு போட்டாக வேண்டும்.

டி.என்.ஏ. என்ற சொல்லே இல்லாத காலம். ரத்தப் பிரிவு கண்டுபிடிக்கவே இன்னும் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தது. அப்புறம் எதை வைத்து மகன் என்று நிரூபிப்பது? தகப்பன் உயிரோடு இருந்தபோது அந்தப் பிள்ளையை எப்படி நடத்தினான் என்பதை வைத்துத்தான். காதுகுத்துக்கு யார் செலவு செய்தது, விசேஷ வீட்டில் எந்த வரிசையில் உட்கார வைத்தது, ஊர் யாருடைய மகன் என்று கூப்பிட்டது. 1872-இல் வந்த சாட்சியச் சட்டம் இதற்கென்றே ஒரு பிரிவை ஒதுக்கியது. உறவு தெரிந்த ஒருவர் தன் நடத்தையால் அந்த உறவைக் காட்டியிருந்தால் அதுவும் சாட்சியம் என்று அதன் 50-ஆம் பிரிவு சொன்னது. நம் ஊர்ப் பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து பார்த்ததையும் அதுதான் பார்த்தது.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு, சொல்லாமல் தாண்ட முடியவில்லை. அன்றைய இந்துச் சட்டத்தில் தாலி கட்டாமல் பிறந்த மகனின் உரிமை தகப்பனின் வருணத்தைப் பொறுத்தது. மேல் மூன்று வருணம் என்றால் மகனுக்குச் சோறு மட்டும்தான், பங்கு கிடையாது. நான்காம் வருணம் என்றால், கல்யாணம் ஆகாவிட்டாலும் ஒருவனோடு மட்டுமே நிலையாக வாழ்ந்த பெண்ணின் மகனுக்கு, சாதாரணக் குடும்பச் சொத்தில் பங்கே உண்டு. தகப்பன் இறந்த பிறகு, முறையான மகனாக இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய பங்கில் பாதி. வெள்ளைக்கார நீதிமன்றங்கள் நம் தென்பாண்டிச் சீமையின் பாளையக்காரர்களை எல்லாம் அந்த நான்காம் பெட்டிக்குள் போட்டன. ராஜ வம்சம் என்று சொல்லிக்கொண்டவர்களுக்கு அது அவமானமாக இருந்திருக்கும். ஆனால் அவர்கள் வீட்டுப் பின்வாசலில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த முத்திரைதான் கஞ்சி ஊற்றியது.

இந்தச் சண்டை நமக்கு வெள்ளைக்காரன் கொண்டு வந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். அகநானூற்றின் 256-ஆம் பாட்டில் கள்ளூர் என்ற ஊரில் நடந்த ஒரு சங்கதி வருகிறது. ஒரு பெண்ணோடு பழகிவிட்டு, அவளைத் தெரியவே தெரியாது என்று பொய்ச்சத்தியம் செய்தான் ஒருவன். சபையார் சாட்சிகளை விசாரித்தார்கள். குட்டு உடைந்தது. அவனை மரக்கிளையோடு சேர்த்துக் கட்டி, தலையில் நீற்றைக் கொட்டினார்கள். தொல்காப்பியமும் ஊரறிந்த கல்யாணச் சடங்கு ஏன் வந்தது என்பதற்கு இதையேதான் காரணமாகச் சொல்கிறது. சேர்ந்தவன் பிறகு இல்லை என்று மறுக்கிற காலம் வந்ததால், பெரியவர்கள் சடங்கை வகுத்தார்களாம். ஆக, ‘நான் இல்லை’ என்கிற ஆணைப் பிடித்து நிறுத்துவதற்கு இரண்டாயிரம் வருஷமாக ஏற்பாடு செய்துகொண்டே வந்திருக்கிறோம். ‘நான்தான்’ என்று தானே முன்வந்து நிற்கிற ஆணுக்கு என்ன செய்வது என்று அதிகம் யோசிக்கவில்லை. இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். இந்த வருஷத்தில் மட்டும் என்னிடம் படித்த இரண்டு பேர் போன் போட்டு ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ‘கல்யாணம் பண்ணிக்கலை சார், பிள்ளை இருக்கு. சட்டத்துல நான் யாரு சார்?’ யார் யார் என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் வக்கீல் இல்லை, வரலாற்று வாத்தியார். வரலாறு எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

முதலில் 1872. சாட்சியச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு ஒரு பெரிய பூட்டைப் போட்டது. சட்டப்படியான கல்யாணம் நடப்பில் இருக்கும்போது பிறந்த பிள்ளை, அல்லது அது முறிந்து 280 நாளுக்குள், தாய் மறுமணம் செய்யாதிருக்கப் பிறந்த பிள்ளை, அந்தக் கணவனின் பிள்ளையே. இருவரும் சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்று நிரூபித்தால் ஒழிய மறுபேச்சு கிடையாது. பிள்ளைக்கு நல்லதுதான். ஊர் வாயை அடைக்கிற பூட்டு அது. ஆனால் நம் கரிசல் காட்டில் நடந்ததைப் பாருங்கள். புருஷனோடு ஒத்து வரவில்லை என்று ஊர்க்கூட்டத்தில் அத்துவிட்டு, வேறொருவனோடு வாழப் போன பெண்கள் ஏராளம். அந்த அத்துவிடும் வழக்கம் தன் சாதியில் உண்டு என்று கோர்ட்டில் நிரூபித்தால் சரி, 1955 இந்துத் திருமணச் சட்டமும் வழக்கப்படியான தீர்வையை ஏற்கிறது. நிரூபிக்க முடியாவிட்டால்? சட்டத்தின் கண்ணில் அவள் இன்னும் பழைய புருஷனின் மனைவிதான். புதிய வீட்டில் பிறந்த பிள்ளைக்கும் பழைய புருஷனே தகப்பன். தூக்கி வளர்த்தவன் வெளியாள்.

அதே காலத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இன்னொரு பக்கம் இருந்து வந்தது. கல்யாணம் ஆனதோ ஆகாததோ, பிள்ளையைப் பெற்றவன் காப்பாற்றாமல் விட்டால் மாஜிஸ்திரேட் மாதப் பணம் கட்டச் சொல்லலாம். அதுதான் 488-ஆம் பிரிவாகி, பிறகு 1973-இன் 125-ஆம் பிரிவாகி, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 144-ஆம் பிரிவாகி இருக்கிறது. 125-இல் மாதம் 500 ரூபாய்க்கு மேல் கிடையாது என்று ஒரு உச்சவரம்பு இருந்தது. அதை எடுக்க 2001 வரை ஆனது. தீப்பெட்டி ஆபீசில் கூலிக்குப் போய்ப் பிள்ளை வளர்த்த தாய்மாருக்கு இந்தப் பிரிவு ஒரு பெரிய பிடிமானம். நான் குறை சொல்லவில்லை. ஆனால் கல்யாணம் ஆகாத தகப்பனைச் சட்டம் எப்படிப் பார்த்தது என்பதைக் கவனியுங்கள். கடன்காரனாகப் பார்த்தது. வசூலிக்க வேண்டியவன், அவ்வளவுதான்.

அடுத்த கதையும் நம் கரிசல் மண்ணில்தான் தொடங்குகிறது. அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தம். 1928-இல் பெரியார் தலைமையில் அங்கே நடந்ததைத்தான் முதல் சுயமரியாதைத் திருமணம் என்று சொல்கிறார்கள். ஐயர் இல்லை, தீ இல்லை, மந்திரம் இல்லை. ஊர் கூடியிருக்க, இன்னாரை நான் துணையாக ஏற்கிறேன் என்று இருவரும் சொல்வது. அதற்கப்புறம் மாநிலம் முழுக்க ஆயிரக்கணக்கில் நடந்தது. மாலை மாற்றினார்கள், பேசினார்கள், சாப்பிட்டார்கள், பிள்ளை பெற்றார்கள். எல்லோருக்கும் அது கல்யாணம்தான்.

1953-இல் தெய்வானை ஆச்சி எதிர் சிதம்பரம் செட்டியார் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் வேறு மாதிரிச் சொன்னது. 1930-களில் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்றது. சாஸ்திரச் சடங்கும் இல்லை, நெடுநாள் வழக்கம் என்று சொல்லவும் முடியாது, ஆகவே சட்டத்தில் அது கல்யாணம் ஆகாது. ஒரு குடும்பத்தின் சொத்து வழக்குதான். ஆனால் அதன் தர்க்கத்தை விரித்துப் பாருங்கள். மேடையில் தலைவர் முன்னிலையில், ஊரே பார்க்கக் கல்யாணம் செய்துகொண்ட அத்தனை ஆண்களும் ஒரே நாளில் கல்யாணம் ஆகாத தகப்பன்கள் ஆகிவிட்டார்கள். ஓடிப்போனவன் இல்லை, மறுத்தவன் இல்லை. பெயரைச் சொல்லி, பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு ஏற்றுக்கொண்டவன். அவனுடைய பிள்ளையும் கோர்ட்டில் ‘முறையற்ற’ பிள்ளை. (இந்தச் சொல்லே எனக்குப் பிடிக்காது. பெற்றவர்களிடம் முறை இருந்ததோ இல்லையோ, பிறந்ததுக்கு அதில் என்ன வேலை? சட்டப் புத்தகத்தில் இருப்பதால் எழுதுகிறேன்.)

அதைச் சரிசெய்ய அடுத்து 14 வருஷம் ஆனது. 1967-இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர்கள் முன்னால் தங்களுக்குப் புரிகிற மொழியில் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னாலோ, மாலையோ மோதிரமோ மாற்றினாலோ, தாலி கட்டினாலோ, ஏதாவது ஒன்று போதும். இதைவிடப் பெரிய காரியம், அதற்கு முன்னால் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் நடந்த நாளில் இருந்தே செல்லும் என்றது. பிள்ளைகளுக்கும் அப்படியே. பொதுவாக, பின்னோக்கிப் பாயும் சட்டம் என்றால் எனக்குக் கொஞ்சம் பயம். இந்த ஒன்றுக்கு மட்டும் கைதட்டுவேன்.

இதற்கு நடுவில், யாரும் அதிகம் பேசாமல் போன ஒரு இழப்பு நடந்தது. 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. பெண்களுக்குச் சொத்து கொடுத்த சட்டம், பெரிய முன்னேற்றம். ஆனால் அதில் உறவு என்றால் முறையான உறவுதான் என்று ஒரு வரையறை இருக்கிறது. கல்யாணம் இல்லாமல் பிறந்த பிள்ளை தாய்க்கு உறவு, உடன்பிறந்தாருக்கு உறவு. தகப்பனுக்கு உறவு இல்லை. பழைய சட்டம் நான்காம் வருணத்துப் பிள்ளைக்குக் கொடுத்திருந்த பாதிப் பங்கும் அதோடு போயிற்று. வருணத்தைப் பார்த்து உரிமை கொடுப்பது ஒழிந்தது சரிதான். ஆனால் எல்லோருக்கும் கொடுத்து ஒழித்திருக்கலாம். எல்லோரிடமும் எடுத்துக்கொண்டு ஒழித்தார்கள். அதே வருஷத்து ஜீவனாம்சச் சட்டத்தில் மட்டும், எப்படிப் பிறந்த பிள்ளையையும் வளர்க்கும் கடமை தாய்க்கும் தகப்பனுக்கும் உண்டு என்று இருக்கிறது. மறுபடியும் கடமைதான்.

செல்லாத கல்யாணத்தில், அதாவது முதல் மனைவி உயிரோடு இருக்கும்போது இரண்டாவதாகக் கட்டியது போன்றவற்றில், பிறந்த பிள்ளைகளின் கதை வேறு. இந்துத் திருமணச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு அவர்களைக் காப்பாற்றியது. 1976-இல் அதை இன்னும் அகலமாக்கினார்கள். 2023 செப்டம்பர் 1 அன்று ரேவணசித்தப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம், கூட்டுக் குடும்பச் சொத்தில் பெற்றவருக்கு வரக்கூடிய பங்கு எதுவோ அதில் இந்தப் பிள்ளைகளுக்கும் உரிமை உண்டு என்று முடித்து வைத்தது. ஆனால் ஏதோ ஒரு கல்யாணம் நடந்திருக்க வேண்டும். கல்யாணமே நடக்கவில்லை என்றால் 16-ஆம் பிரிவு கை கொடுக்காது. வெகுகாலம் புருஷன் பெண்டாட்டியாக ஊரறிய வாழ்ந்திருந்தால் கல்யாணம் நடந்ததாகவே கோர்ட் அனுமானிக்கும் என்று ஒரு வழி உண்டு. சமீபத்தில் 2022-இல் கூட ஒரு கேரளக் குடும்ப வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படி அனுமானித்துப் பங்கு கொடுத்தது. மேலே சொன்ன சொத்து விஷயமெல்லாம் இந்துக் குடும்பங்களுக்கு. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்குச் சட்டம் வேறு, அதை இதில் குழப்பவில்லை.

டி.என்.ஏ. வந்ததும் எல்லாம் தீர்ந்துவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இந்தியாவில் அது முதன்முதலில் கோர்ட் ஏறியதே தகப்பன் யார் என்ற வழக்கில்தான். 1980-களின் கடைசியில் கேரளத்துத் தலச்சேரி கோர்ட். ஹைதராபாத் ஆய்வகத்தில் இருந்து லால்ஜி சிங் என்ற விஞ்ஞானி சோதனை முடிவோடு சாட்சி சொன்னார். பிறகு எல்லோருக்கும் தெரிந்த என்.டி.திவாரி வழக்கு. ரோஹித் சேகர் 2008-இல் வழக்குப் போட்டார். தாய்க்கு வேறொருவரோடு கல்யாணம் நடந்திருந்ததால் அந்த 112-ஆம் பிரிவு குறுக்கே நின்றது. நான்கு வருஷம் இழுத்து, 2012 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் முடிவைப் பிரித்தார்கள். முதலமைச்சராக இருந்தவர், ஆளுநராக இருந்தவர், தகப்பன் அவர்தான்.

ஆனால் பூட்டு இன்னும் தொங்குகிறது. புதிய சாட்சியச் சட்டத்தில் அதன் எண் 116, வாசகம் பெரிதாக மாறவில்லை. கேட்டவுடன் சோதனைக்கு உத்தரவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1993-இல் சொன்னதை இன்றும் சொல்லி வருகிறது. 2025 ஜனவரியில் வந்த இன்னொரு கேரள வழக்கின் தீர்ப்பைப் படித்தபோது எனக்கு அந்தக் கரிசல் காட்டுப் பெண்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். தாயின் கல்யாணம் நடப்பில் இருக்கும்போது பிறந்த மகன், தன் உண்மைத் தகப்பன் வேறு ஒருவர் என்று சோதனை கேட்டான். சட்டப்படி முறையான பிள்ளை என்றால் தகப்பனும் சட்டப்படி அந்தக் கணவன்தான், சோதனை தேவையில்லை என்று முடித்துவிட்டார்கள். ஒரு வெளியாள் மீது யார் வேண்டுமானாலும் கைநீட்டி ரத்தம் கேட்கலாமா என்ற அவர்களுடைய கவலை நியாயமானதுதான். ஆனால் அறிவியல் கதவுக்கு வெளியே நிற்கிறது என்பதும் உண்மை.

சரி, என் மாணவர்கள் கேட்ட கேள்வி. தகப்பனின் உரிமை. 1956 இந்து மைனர், கார்டியன் சட்டம் 6-ஆம் பிரிவு. கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தகப்பன், அவனுக்குப் பிறகு தாய். கல்யாணம் இல்லாமல் பிறந்த பிள்ளைக்குத் தாய், அவளுக்குப் பிறகு தகப்பன். கண்ணாடியில் பார்த்ததுபோல் திருப்பி வைத்திருக்கிறார்கள். 1999-இல் எழுத்தாளர் கீதா ஹரிஹரன் வழக்கில் முதல் வரிசையை உச்ச நீதிமன்றம் தளர்த்தியது. ‘பிறகு’ என்றால் செத்த பிறகு என்று அர்த்தம் இல்லை, அவர் இல்லாத நிலையில் என்று அர்த்தம் என்றது. அதே வாசிப்பை இரண்டாவது வரிசைக்கும் பொருத்தினால், தாய் உயிரோடு இருந்தும் பிள்ளையைப் பார்க்க முடியாத நிலையில் கல்யாணம் ஆகாத தகப்பனுக்கு ஓர் இடம் வர வேண்டும். இது என் வாசிப்பு, வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 2015-இல் வந்த தீர்ப்பு ஒன்று எதிர்ப்பக்கம் போகிறது. கல்யாணம் ஆகாத தாய் தன்னைக் கார்டியனாக நியமிக்கக் கேட்டால், தகப்பனின் பெயரைச் சொல்லவோ அவனுக்கு நோட்டீஸ் அனுப்பவோ வேண்டியதில்லை என்றது.

அந்தத் தீர்ப்பு தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். சேர்க்கை நாளில் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, தகப்பனார் பெயர் என்ற கட்டத்தில் வந்ததும் தலையைக் குனிகிற தாய்மாரை நான் வருஷா வருஷம் பார்த்தவன். நம் ஊரில் பெயருக்கு முன்னால் இருக்கிற ஒற்றை எழுத்து இனிஷியல், தகப்பனின் எழுத்து. அது இல்லாத பிள்ளையை மைதானத்தில் மற்ற பிள்ளைகள் என்ன சொல்லிக் கூப்பிடும் என்று உங்களுக்குத் தெரியும். விட்டுப் போனவனைத் தேடி நோட்டீஸ் அனுப்பி, அவன் சம்மதம் வாங்கி வா என்று அந்தத் தாயிடம் சொல்வது அநியாயம். தாய் முதலில் என்பது சரி. ஆனால் விட்டுப் போகாதவனுக்கும் போனவனுக்கும் சட்டம் வித்தியாசம் காட்ட வேண்டாமா?

இங்கிலாந்தில் இருக்கிற பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். அங்கே 2003 டிசம்பர் 1 முதல், பிறப்புப் பதிவில் தாயோடு சேர்ந்து தகப்பன் பெயரும் பதிவானால், கல்யாணம் இல்லாவிட்டாலும் அவனுக்குப் பெற்றோர் பொறுப்பு வந்துவிடும். அமெரிக்காவில் 1972-இல் ஸ்டான்லி என்பவர் வழக்கு. 18 வருஷம் விட்டு விட்டுச் சேர்ந்து வாழ்ந்த பெண் இறந்ததும், கல்யாணம் ஆகாத தகப்பன் என்ற ஒரே காரணத்தால் இல்லினாய் அரசு பிள்ளைகளை எடுத்துக்கொண்டது. அவர் தகுதி இல்லாத தகப்பனா என்று விசாரிக்காமலே எடுத்தது செல்லாது என்றது அந்த நாட்டு உச்ச நீதிமன்றம். விசாரித்துவிட்டு எடு என்பதுதான் தீர்ப்பின் சாரம். நம்மிடம் அப்படி ஒரு தெளிவான சட்டப் பிரிவு இல்லை.

இருக்கிற வழிகள் இவைதான். 1890-ஆம் வருஷத்து கார்டியன் சட்டத்தின் கீழ் தகப்பன் மனுப் போடலாம். அங்கே கோர்ட் பார்ப்பது பிள்ளையின் நலனை, தாலியை அல்ல. குடும்ப நல நீதிமன்றம் இருக்கிற இடத்தில் அங்கே போடலாம். நான்தான் தகப்பன் என்று அறிவிக்கக் கோரி உரிமையியல் வழக்கும் போடலாம். தாய்க்கு வேறு கல்யாணம் நடப்பில் இருந்தால் மட்டும் அந்தப் பழைய பூட்டு முன்னால் வரும். சொத்து விஷயத்தில் சட்டம் தானாக எதுவும் கொடுக்காது என்பதால், பிள்ளைக்குக் கொடுக்க நினைப்பதை உயில் எழுதி வையுங்கள். பிறப்புப் பதிவு 21 நாளுக்குள் முடிய வேண்டும். தாயும் சம்மதித்தால் அப்போதே இருவர் பெயரையும் கொடுத்துவிடுங்கள். பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேடு, ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, பீஸ் கட்டிய ரசீது, காதுகுத்துப் பத்திரிகை, இவற்றில் எதையும் தூக்கிப் போடாதீர்கள். பிறப்புச் சான்றிதழில் இருக்கிற பெயர் ஒன்றே கோர்ட்டில் எல்லாவற்றையும் முடித்துவிடாது. ஆனால் இந்தத் துண்டுக் காகிதங்கள் சேர்ந்தால்தான், நடத்தையால் காட்டிய உறவு என்று அந்த 50-ஆம் பிரிவு சொன்னது ஆகும். புதிய சட்டத்திலும் அந்தப் பிரிவு இருக்கிறது, எண்தான் வேறு.